இடது பக்க ஸ்பீக்கர்

14.01.2024, ஞாயிறு. பிராண்டே, டென்மார்க்.

இவர் சீடி பிளேயரை உடைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் முன் அறையில் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கேட்டு மூன்று தரம் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. வந்து பிளேயரைப் பிடித்து இழுத்தார். பின்பக்க வயர்கள் விடவில்லை. அதற்குத்தான் கோபம் இன்னும் ஏறியது என்று நினைக்கிறேன். வயரோடு பிய்த்தெடுத்து, தலைக்கு மேலே தூக்கி, குசினி ரைல்ஸ் தரையில் போட்டார். மூடி கழன்றது. போதாதென்று காலால் உழக்கினார். என்னைத் தொடவில்லை. போன கிழமை தொட்டவர், அதனால் இந்தக் கிழமை அடி பெட்டிக்கு.

கூட்டிப் பெருக்கும்போது இசைத்தட்டு மட்டும் முழுசாகக் கிடந்தது. அதைத் துடைத்து என் வேலைப் பைக்குள் வைத்தேன். தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தேன்.

16.01, செவ்வாய்.

வேலை. காற்றாலைச் சிறகு வார்க்கிற அச்சில் கண்ணாடி நார்ப்பாய் விரிக்கிற வேலைக்குக் காது தேவையில்லை. நாள் முழுக்கக் காதுமூடி போட்டுக்கொண்டு நிற்கலாம். முந்தி அப்படியில்லை. ஸ்பீக்கர் தொழிற்சாலையில் பதினொரு வருசம் காதை வைத்துத்தான் சம்பளம் எடுத்தேன். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தாழ்ந்த சுருதியில் தொடங்கி உச்சி வரைக்கும் ஒரு சத்தம் விடுவார்கள். எங்கேயாவது உரசினால், நடுங்கினால், நான் சிவப்பு ஒட்டு ஒட்டவேண்டும். ஒரு நாளைக்கு நானூறு. மெசினும் ஒன்று வைத்திருந்தார்கள். மெசினுக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். தொழிற்சாலையை மூடியபோது அங்கே செய்த ஸ்பீக்கரில் ஒரு சோடியைத் தந்தார்கள். அதுதான் முன் அறையில் நிற்கிறது.

இப்போது அதற்குள் விட எதுவும் இல்லை.

புதுசு வாங்கப்போகிறேன். மலிவானது இல்லை. நல்லதிலும் நல்லது.

அவர் அதையும் உடைப்பார். தெரியும். தெரிந்துகொண்டு ஏன் வாங்குகிறாய், தவமலர்? உடைத்ததை அப்படியே விட்டால் அடுத்ததும் அப்படியே போகும். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

27.01, சனி.

ஹேர்னிங்கில் ஒரு கடை. உள்ளே கம்பளமும் திரைச்சீலையும் போட்ட தனி அறை, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. கடைக்காரர் ஹென்னிங், அறுபது வயது தாண்டியவர், பெரிய கை. என்ன கேட்கப் போகிறீர்கள் என்றார். என் தட்டைக் கொடுத்தேன். பெட்டியில் இருந்த தமிழ் எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். வயலின் இடது, மிருதங்கம் வலது என்றேன்.

மூன்று பிளேயர் போட்டுக் காட்டினார். பெயர் சொல்லவேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். பெயர் தெரிந்தால் காது பொய் சொல்லும்.

முதலாவது, பெரிய கனமான பெட்டி. மிருதங்கம் வயிற்றுக்குள் இறங்கியது. ஆனால் வயலின் கொஞ்சம் எண்ணெய் பூசினதுபோல. இரண்டாவது, மெல்லிசான கறுப்புப் பெட்டி. வயலின்காரர் வில்லைத் திருப்புகிற இடம் தெரிந்தது. இடது பக்கம், பின்னுக்கு, சபையில் ஆரோ இருமுகிறார்கள். இவ்வளவு காலமும் அதை நான் கேட்டதே இல்லை. மூன்றாவதில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பத்து நிமிடத்தில் பல் கூசியது.

சொல்லச் சொல்ல ஹென்னிங் ஒரு மட்டையில் எழுதிக்கொண்டே இருந்தார். வாடிக்கையாளர் எல்லோருக்கும் அப்படி ஒரு மட்டை வைத்திருக்கிறாராம்; பெயர், திகதி, என்ன கேட்டார், என்ன சொன்னார். இருமலுக்கு மட்டும் பேனாவை வைத்துவிட்டு எழும்பிவந்து, என் நாற்காலியில் தானே இருந்து கேட்டார். இரண்டு தரம் போட்ட பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். தொழிற்சாலையின் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அவசரப்பட வேண்டாம், இரண்டு கிழமை கழித்து வாருங்கள், அதே தட்டோடு, என்றார்.

வீட்டுக்கு வர ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது.

28.01, ஞாயிறு.

காருக்குள்ள கடையின்ர விளம்பரத் தாள் கிடந்திருக்கு, அந்த அறையின்ர படமும் ஹென்னிங்கின்ர பேரும் போட்டது. எடுத்து மடியில வைச்சுக்கொண்டு இருந்தார், நான் வழமைபோல கதவைப் பூட்டிக் குளிச்சிட்டு வரும்வரைக்கும். ஆரின்ர கடை, ஆர் அந்த டேனிஷ்காரன், எவ்வளவு நேரம் அறைக்குள்ள இருந்தனி எண்டு கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டு இருக்கேக்கையே கையை விரிச்சு அடிச்சார். இடது காதோட சேர்த்து. பலூன் வெடிச்ச மாதிரி ஒரு சத்தம், அது வெளியில இருந்து வரேல்லை.

விழுந்த இடத்தில இருந்து பார்த்தன். சோபாவில போய் இருந்து ரி.வி போட்டார்.

தலையணையில ஒரு சொட்டு ரத்தம்.

29.01, திங்கள்.

காது கூவுது. நிக்காமல்.

03.02, சனி.

இன்னும் கூவுகிறது. தண்ணீர் போனதுபோல அடைப்பு. வேலையில் இரண்டு காதையும் மூடிக்கொண்டு நிற்பதால் தெரிவதில்லை. போன் எப்போதும் வலது பக்கம்தான் வைப்பேன். போய்விடும். முந்தியும் போயிருக்கிறது.

10.02, சனி.

எழுத வேண்டும்.

இவர் காலையில் கொல்டிங்கில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனார். நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஹேர்னிங் போனேன். ஹென்னிங் இரண்டாவது பிளேயரை முன்கூட்டியே போட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். அதே நாற்காலி. அதே தட்டு.

மிருதங்கம் வந்தது. வயலின் வரவில்லை.

வயலின் இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் இருப்பதுபோல. இடது ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்றேன். ஹென்னிங் எழும்பி வயரைப் பார்த்தார். கழற்றி மாட்டினார். வேறு வயர் போட்டார். பிளேயரை மாற்றினார். ஸ்பீக்கருக்குக் கிட்டக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வேலை செய்கிறதே, என்று மெதுவாகச் சொன்னார்.

பழுது எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் பக்கத்தை மாற்றிப் பார்க்கவேண்டும். தொழிற்சாலையில் நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எழும்பி நாற்காலியை முழுக்கத் திருப்பினேன். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின் சுவரைப் பார்த்தபடி இருந்தேன்.

வயலின் வந்துவிட்டது. முழுசாக. இப்போது மிருதங்கத்தைக் காணவில்லை.

பழுது ஸ்பீக்கரில் இல்லை. என்னில்.

அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஹென்னிங் பாட்டை நிற்பாட்டினார். பிறகு முன்னுக்கு வந்து, குந்தி, என் முகத்துக்கு நேரே இருந்து கேட்டார்:

"யார் செய்தது?"

விழுந்துவிட்டேன், பனியில் வழுக்கினேன், கதவு அடித்தது. இருபத்தாறு வருசமாக எல்லாம் கைவசம் இருக்கிறது. ஒன்றும் வரவில்லை.

"என் கணவர்."

டேனிஷில் சொன்னேன். தமிழில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

தண்ணீர் கொண்டுவந்தார். யாரையும் கூப்பிடட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை. என் மட்டையை எடுத்து இன்றைய திகதி போட்டு, நடந்ததை அப்படியே எழுதினார். பிறகு சொன்னார்: "இருபத்தேழாம் திகதி இடது பக்கத்தில் எனக்கே கேட்காத இருமல் உங்களுக்குக் கேட்டது. அதை நான் எழுதி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் சொல்வேன்."

காருக்குள் வந்து இருந்து அழவில்லை. ஸ்டியரிங்கைக் கடித்தேன். பல் அடையாளம் இருக்கிறது.

13.02, செவ்வாய்.

குடும்ப வைத்தியர் உடனேயே காது டொக்டர் அம்மாவிடம் அனுப்பினார். செவிப்பறை கிழிந்திருக்கிறது, அது ஆறும். உள்காதும் அடிபட்டிருக்கிறது, அது ஆறாது. உச்சச் சத்தங்கள் இடது பக்கம் திரும்பி வராது என்றா. எப்படி நடந்தது என்று கேட்டா. சொன்னேன். இரண்டாம் தரம் சொல்வது சுகமாக இருந்தது. எல்லாவற்றையும் கணினியில் எழுதினா. பொலிஸுக்குப் போகிறீர்களா என்றதற்கு, யோசிக்கவேண்டும் என்றேன்.

என்னத்தை யோசிக்க? அவர் என்ர கையை, காலை, பல்லை எதை உடைச்சிருந்தாலும் நான் பேசாமல் இருந்திருப்பன் எண்டுதான் நினைக்கிறன். அது எனக்கே வெட்கமாக்கிடக்கு.

17.02, சனி.

நல்ல கிழமை. அவருக்கு நல்ல கிழமைகள் வரும். சூப்பர்மார்க்கெட்டில் இருந்து ஒரு சின்ன சீடி பிளேயர் வாங்கிவந்து மேசையில் வைத்தார், பிளாஸ்டிக், கைபிடி வைத்தது. உனக்குத்தான், இனி ஹேர்னிங் போகத் தேவையில்லை என்றார். நன்றி சொன்னேன். தலையைத் தடவினார். அந்தக் கை கிட்ட வந்தபோது கண் தானாக மூடிக்கொண்டது.

02.03, சனி.

மகள் துவாரகா வீட்டில் இருந்து எழுதுகிறேன். ஓகூஸ். நடந்ததை ஒழுங்காக எழுதவேணும், பிறகு கேப்பினம்.

காலமை பத்தரை இருக்கும். இடியப்பம் புழிஞ்சுகொண்டு நிண்டன். என்ர போன் மேசையில. அதில ஒரு கடிதம் வந்து விழுந்திருக்கு, ஆஸ்பத்திரியின்ர. திறந்து வாசிச்சிருக்கிறார். அடியால் ஏற்பட்ட காயம், அடித்தவர் கணவர் என்று நோயாளி கூறுகிறார். அதை அப்படியே டேனிஷில எனக்கு வாசிச்சுக் காட்டினார், சபையில வாசிக்கிற மாதிரி.

பிறகு தலைமயிரைப் பிடிச்சார். தலையைப் பிரிட்ஜ் கதவில அடிச்சார், இரண்டு தரமோ மூண்டு தரமோ. காந்தம் எல்லாம் விழுந்தது. மற்றக் கையைக் கழுத்தில வைச்சு நெரிச்சார். முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். வலது பக்கம். சத்தம் போடேல்லை, மெல்லமாத்தான் சொன்னவர்.

"மற்றக் காதையும் எடுத்துவிடுறன். அப்ப ஆருக்கு என்ன சொல்லுவாய்?"

இடியப்ப உரல் என்ர கையிலதான் இருந்தது. பித்தளை, மாவோட. கழுத்தில இருந்த கையின்ர மணிக்கட்டில அடிச்சன். விறகு முறியிற சத்தம். அவன் கையை விட்டிட்டான். குனிஞ்சு கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். இன்னொருக்கா அடிச்சன். அதே இடத்தில.

முதல் அடி நான் மூச்சு விடுறதுக்கு. இரண்டாவது எனக்கு வேணுமெண்டு இருந்தது. அது எவ்வளவு நல்லா இருந்தது எண்டு நான் ஆருக்குச் சொல்ல.

காலுறையோட வெளியில ஓடினன். பனி. எதிர்வீட்டு மனுசி கதவைத் திறந்து உள்ளுக்கு எடுத்து, பொலிஸுக்குப் போன் அடிச்சா. பொலிஸ் வரேக்க அவன் வாசற்படியில இருக்கிறான், கை வீங்கித் தொங்குது, அழுறான். என்னில பார்த்தால் ஒண்டும் தெரியாது, தலைமயிருக்குள்ள இருக்கிற வீக்கம் ஆருக்குத் தெரியும்? முதல்ல என்னைத்தான் காரில ஏத்தினாங்கள்.

பின்னேரம் விட்டாங்கள். கழுத்தில் விரல் அடையாளம் அதற்குள் நீலமாகிவிட்டது, படம் எடுத்தார்கள். ஆனால் என் மேலும் வழக்கு இருக்கிறதாம், கை முறித்ததற்கு.

மேலே 'அவன்' என்று எழுதியிருக்கிறேன். வெட்டவில்லை.

04.03, திங்கள்.

துவாரகா வேலைக்குப் போகவில்லை. சோபாவை எனக்குப் படுக்கையாக்கித் தந்திருக்கிறாள். இரண்டு நாளாக என்னோடு கதைத்ததெல்லாம் சாப்பாடு, மருந்து, உடுப்பு. இன்றைக்குக் கோப்பை கழுவிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், டேனிஷில் சொன்னாள்:

"எனக்குத் தெரியும், அம்மா. நான் அறைக்குள் ஹெட்போன் போட்டுக்கொண்டு இருந்தேன். சத்தத்தைக் கூட்டிவிடுவேன்."

எத்தனை வயதில் இருந்து என்று நான் கேட்கவில்லை. அவள் பன்னிரண்டு வயதில் கேட்டு அழுத ஹெட்போனை வாங்கிக் கொடுத்தது நான்தான். பாட்டில் ஆசை, என்னைப்போல, என்று பெருமைப்பட்டேன்.

போய்ப் பக்கத்தில் நின்று துடைக்கத் துணி எடுத்தேன்.

09.03, சனி.

ஹ்விடோவ்ரேயில் இருந்து விமலாதேவி மச்சாள் போன் எடுத்தா, அவனுடைய தமக்கை. சபை சந்தியில் தலைகாட்டமுடியாதாம். அவன் அடித்தால் அடித்ததுதான், அதற்காக நீ ஒரு மனிசன்ர கையை முறிக்கிறதோ, ஊரில எந்தப் பொம்பிளையாவது செய்வாளோ என்றா. அவன் வழக்கறிஞருக்குச் சொல்லிவிட்டானாம்: இவளுக்குத் தொழிற்சாலைச் சத்தத்தில் காது போய்ப் பத்து வருசம், இப்போது என்மேல் போடுகிறாள்.

போனை வலது காதில் இருந்து எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டேன். அவ கதைத்து முடிக்கும்வரைக்கும்.

17.10, வியாழன்.

நீதிமன்றம். ஏழு மாதம் காத்திருந்து ஒரு காலையில் முடிந்தது.

அவனுடைய வழக்கறிஞர் அந்தப் பத்து வருசக் கதையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொரு வருசம் ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்தவருக்குக் காது நன்றாக இருந்தது என்பதற்கு என்ன சாட்சி என்றார்.

ஹென்னிங் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார், அவருக்கு அது இறுக்கம். மட்டையைக் கொண்டுவந்து வாசித்தார். ஜனவரி இருபத்தேழு, இரண்டாவது பிளேயர், இடது பக்கம், வில் திரும்பும் இடம் தெளிவு, இடது பின்னால் இருமல். பிறகு பெப்ரவரி பத்து, நாற்காலி திருப்பியது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த நாற்காலியை எப்படித் திருப்பினா என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். ஹென்னிங் எழும்பி, சாட்சிக் கதிரையைத் திருப்பிக் காட்டினார். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

என்னைக் கேட்டார்கள், உரலால் எத்தனை தரம் அடித்தீர்கள் என்று. ஒரு தரம் என்று சொல்லும்படி ஒருவரும் சொல்லித் தரவில்லை, ஆனால் சொல்லியிருக்கலாம். இரண்டு தரம் என்றேன். இரண்டாவது ஏன் என்றார்கள்.

"பயம் போகேல்லை. கோபமும் இருந்தது."

சொல்லிவிட்டு வந்து இருந்தபோது துவாரகா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது.

அவனுக்கு ஆறு மாதச் சிறை. என் மேலிருந்தது தள்ளுபடி; நெரித்த கைக்கு எதிரான தற்காப்பு, இரண்டாவது அடியையும் சேர்த்து. அதை நீதிபதி வாசித்தபோது அவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பயம் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வந்தது. ஆனால் நான் கண்ணை எடுக்கவில்லை.

மகேந்திரராசா. ஒரு நாளும் அவன் பெயரை நான் எழுதியதில்லை. எழுதிப் பார்த்தேன், பெயர்தான்.

09.11, சனி.

ஹேர்னிங். இந்த முறை துவாரகாவும் வந்தாள். ஸ்பீக்கர்களைப் பொலிஸோடு போய் எடுத்து வந்து ஹேர்னிங்கிலேயே நான் வாடகைக்கு எடுத்த வீட்டில் வைத்தாயிற்று. ஒன்றில் கீறல் இருக்கிறது, உள்ளுக்குச் சேதமில்லை.

ஹென்னிங்கிடம் முதலிலேயே சொன்னேன்: இரக்கப்பட்டு இலேசானதைக் காட்டவேண்டாம். அவர் மூன்றையும் மேசையில் வைத்திருந்தார்.

இரண்டு பக்கத்தையும் கலந்து, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தமாக விடலாம் என்று காட்டினார். அம்பிளிபயரில் ஒரு சின்ன ஆளி, சுவிட்ச். போட்டார். வயலின் வலது பக்கம் வந்து, மிருதங்கத்தின் மடியில் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது. நெரிசல். அறை சுருங்கி ஒரு ஜன்னல் அளவு ஆகிவிட்டது. பத்து மாதத்துக்கு முந்தி என்றால் எழும்பிப் போயிருப்பேன்.

மூன்றையும் கேட்டேன். ஒரு மணித்தியாலம், பிறகு இன்னொன்று. கனமான பெட்டியில் இரண்டும் ஒன்றையொன்று தின்றன. பளிச்சென்றது இப்போதும் பல் கூசவைத்தது. அதற்கு வலது காது ஒன்றே போதும். மெல்லிய கறுப்புப் பெட்டியில், அந்த நெரிசலுக்குள்ளேயும், வில் எங்கே முடிகிறது, விரல் எங்கே விழுகிறது என்று பிரித்துக் கேட்க முடிந்தது. கண்ணை மூடினேன். பார்த்துக்கொண்டிருந்தால் இடது பக்கத்தைத் தேடுகிறேன், மூடினால் தேடுவதில்லை.

பிறகு ஆளியை மாற்றி, துவாரகாவை நாற்காலியில் இருத்தி, இரண்டு பக்கமும் விட்டோம். அவள் இந்தக் கச்சேரியை ஒழுங்காக ஒரு நாளும் கேட்டதில்லை. அசையாமல் இருந்தாள். முடிந்த பிறகு தமிழில் சொன்னாள், தடக்கித் தடக்கி:

"அம்மா, வயலின் இஞ்சை," இடது கையைத் தூக்கிக் காட்டினாள், "இவ்வளவு தூரத்தில."

இதுதான் வேணும் என்றேன், கறுப்புப் பெட்டியைத் தொட்டு.

பெட்டியைக் காரில் ஏற்றும்போது ஹென்னிங் அந்த மட்டையில் கடைசி வரி எழுதிவிட்டு, என்னிடம் காட்டினார். இரண்டாவது. வலது காது. சரியாகத் தெரிவு செய்தா.

24.11, ஞாயிறு. ஹேர்னிங்.

மழை. வீட்டில் தனிய. பருப்பும் கீரையும் காய்ச்சினேன். மத்தியானம் புதுத் தட்டு ஒன்று போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். இருபத்தாறு வருசம் உள்ளுக்குப் பூட்டிக்கொண்டு குளித்தவள், பாட்டுக் கேட்கவேண்டும் என்று குளியலறைக் கதவை அகலத் திறந்து வைத்திருந்திருக்கிறேன். தலை துவட்டிக்கொண்டு வெளியில் வந்தபோதுதான் அதைக் கண்டேன்.